எந்த மாதம், எந்த மலைச் சாலை?

ஜூன் 1 பிறந்தால் குளச்சலில் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டுவிடும். மேற்குக் கடற்கரைக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 வரை நீடிக்கும். இளைஞர்கள் கையில் நேரம் இருக்கும், வாசலில் பைக் நிற்கும். “மலைக்கு எங்கே போகலாம்?” என்ற கேள்வி அதிகமாக வருவது இந்த இரண்டு மாதங்களில்தான். கேட்பவர்கள் பெயரையும் எண்ணையும் கையோடு கொண்டுவருகிறார்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, பொன்முடிக்கு 22. இதில் எது சிறந்தது என்று கேட்கிறார்கள்.

வளைவின் எண்ணிக்கையை வைத்துச் சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் மாதத்தைப் பாருங்கள். அடுத்து, அந்தச் சாலை மலையின் மேற்கு முகத்தில் ஏறுகிறதா, கிழக்கு முகத்திலா என்று பாருங்கள். எண்ணிக்கை கடைசியில் வரட்டும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு வடகிழக்குப் பக்கத்திலிருந்து ஏற 48 கொண்டை ஊசி வளைவுகள். உலகெங்கும் பைக் ஓட்டுபவர்கள் ஒருமுறையாவது போக ஆசைப்படும் சாலை அது. 2,757 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். எவ்வளவு ஆசை இருந்தாலும் கோடை வரும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். நம் மலைகளில் பனி இல்லை, மழை இருக்கிறது. ஆனால் மழைக்காக நம்மில் பலர் காத்திருப்பதில்லை.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குவது மேற்கு முகம். பேச்சிப்பாறை, பொன்முடி, தென்மலை மூன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. தடைக்காலத்தில் குளச்சல்காரருக்குப் பக்கத்தில் இருக்கும் மலைகள் எல்லாமே நனைந்து கிடக்கும். மண் சரிந்தால் பொன்முடிச் சாலையை மூடிவிடுவார்கள். மூடாத நாளிலும் மரத்தடி வளைவுகளில் பாசி பிடித்திருக்கும். ஆகவே ஜூன், ஜூலையில் மலை ஏறியே ஆக வேண்டும் என்றால் கிழக்கு முகத்துக்குப் போங்கள். தேனி மாவட்டத்தில் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலை உண்டு, போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலை உண்டு. இரண்டிலும் உச்சியில் சாரல் இருக்கலாம்; ஏறும் பாதை பெரும்பாலும் காய்ந்திருக்கும். போடிமெட்டைத் தாண்டி மூணாறு பக்கம் இறங்கினால் மறுபடியும் கனமழைக்குள் போய்ச் சேர்வீர்கள். மேட்டிலேயே ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது.

அந்தப் பயணத்தில் மலைக்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தல் காற்றாலைகளையும் தாண்டித்தான் கிழக்கே போக வேண்டும். இந்த மாதங்களில் அங்கே பக்கவாட்டில் அடிக்கும் காற்று, எடை குறைந்த பைக்கைப் பக்கத்துத் தடத்துக்கே தள்ளிவிடும். லாரியை முந்தி அதன் மறைவிலிருந்து வெளியே வரும் நொடிதான் மோசமானது. வேகத்தைக் குறையுங்கள், கைப்பிடியை இறுக்காதீர்கள், விடியற்காலையிலேயே அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள்.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அப்போது கிழக்கு முகம் நனையும், மேற்கிலும் பிற்பகல் இடிமழை பெய்யும். குளச்சலிலிருந்து மலை ஏற ஆண்டின் சிறந்த காலம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை என்று உறுதியாகச் சொல்வேன். தடைக்காலத்து ஓய்வை வண்டியைச் சரிபார்க்கவும் பழகவும் வைத்துக்கொண்டு, பெரிய பயணத்தை அந்தக் காலத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

முதன்முதலாக மலை ஏறுபவருக்கு நான் சொல்லும் சாலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திங்கள்நகர், அழகியமண்டபம், வேர்கிளம்பி, திருவட்டாறு, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்குப் போங்கள். 1906-இல் கட்டி முடித்த அணை அது. கொண்டை ஊசி என்று சொல்லும்படி அதிகம் கிடையாது. ஆனால் குலசேகரத்துக்கு மேல் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சாலை விடாமல் வளைந்து வளைந்து போகும். பைக்கைச் சாய்க்கவும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கவும், வளைவின் முடிவைத் தேடிப் பார்க்கவும் பழக இதைவிட நல்ல பள்ளி நம் மாவட்டத்தில் இல்லை.

ரப்பர் தோட்டச் சாலைக்கென்று சில குணங்கள் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை மரங்கள் இலை உதிர்க்கும். வளைவின் ஓரத்தில் குவிந்த சருகு மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் பிடித்திருக்கும். அதன்மேல் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். அதிகாலையில் பால்வடிப்புத் தொழிலாளர்கள் டூ வீலரில் வருவார்கள், தோட்டத்துக்குள்ளிருந்து சட்டென்று சாலைக்கு ஏறுவார்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம், நாம் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள். ஒவ்வொரு மறைவு வளைவிலும் ஹாரன் அடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு நோக்கிப் போகும் சாலை காட்டுக்குள் போகிறது. யானை நடமாட்டமும் சாலையின் நிலையும் அன்றன்றைக்கு மாறும். சோதனைச் சாவடியில் வேண்டாம் என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

அடுத்த படி பொன்முடி. பெரும்பாலோர் களியக்காவிளை வழியாகத் தேசிய நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை போய், திருவனந்தபுரத்தின் நெரிசலில் பாதித் தெம்பை இழந்துவிட்டுத்தான் மலையடிக்கு வந்து சேர்கிறார்கள். அந்த வழி வேண்டாம். மார்த்தாண்டத்திலிருந்து வெள்ளறடை போய், அம்பூரி, கள்ளிக்காடு, ஆரியநாடு, விதுரா என்று மலையடிவாரத்தை ஒட்டியே செல்லுங்கள். கேரளத்தின் மலையோர நெடுஞ்சாலை பாறசாலையிலிருந்து இந்த ஊர்கள் வழியாகத்தான் வடக்கே போகிறது. ஏறி இறங்கும் சிறு வளைவுகளில் கை பழகிவிடுவதால், கல்லாற்றில் முதல் கொண்டை ஊசி வரும்போது உடம்பு தயாராக இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் எண் பலகை உண்டு. மேலே ஏறுவதற்கு நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, கட்டணமும் உண்டு. காலையிலேயே கல்லாற்றைத் தொட்டுவிட்டால் வெயிலும் கிடைக்கும், மஞ்சு இறங்குமுன் காட்சியும் கிடைக்கும்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகும் சாலையும் அழகானது. 1904-இல் வந்த ரயில் பாதையின் பதின்மூன்று கண் பாலம் சாலையை ஒட்டியே நிற்கும். ஆனால் கேரளம் போகும் சரக்கு லாரிகள் ஓயாத சாலை அது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மட்டும் போகலாம்.

கொல்லிமலையின் 70 வளைவு மூன்றாம், நான்காம் பயணத்துக்கானது. நாமக்கல்வரை சமவெளியில் ஒரு நாள் முழுக்க ஓட்டி, களைத்த தோளோடு அதில் ஏறக் கூடாது. முதல் நாள் அடிவாரத்தில் தங்கி, மறுநாள் காலையில் காரவள்ளியிலிருந்து ஏறுங்கள்.

சாலையைத் தேர்ந்தெடுத்த பிறகு வண்டிக்கு வருவோம். கடற்கரை ஊரில் நிற்கும் பைக்குக்கு, கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்ப் பைக்குகளுக்கு இல்லாத ஒரு நோய் உண்டு, உப்புத் துரு. செயின், பிரேக் கேபிள், லீவர் பின், டிஸ்க் பேடைத் தாங்கும் பின் எல்லாம் கடற்காற்றில் இறுகிப்போகும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. மலை இறக்கத்தில் பிரேக்கை விட்ட பிறகும் பேட் ஒட்டிக்கொண்டே இருந்தால் டிஸ்க் சூடேறும். ஒர்க்‌ஷாப்பில் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் அதன் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்துக் குமிழ் விட்டால் லீவர் கைக்குள் தளர்ந்து போய்விடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம்; நம் ஊர் ஈரத்துக்கு அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது.

100 சிசி வண்டி இந்த மலைகளுக்குப் போதும். வேண்டியது சக்தியல்ல, சரியான கியர். கொண்டை ஊசியில் ஏறும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நடுவில் கிளட்ச் பிடிக்காதீர்கள். இடப்பக்க வளைவில் உள்ஓரம்தான் செங்குத்து. அங்கே எஞ்சின் அணைந்தால் வண்டி உள்பக்கமே சாயும். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு. அதில் இரண்டு பேர் ஏறிக்கொண்டு பொன்முடியிலிருந்து இறங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். குறுகிய மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது விதி. ஆனால் மேலிருந்து பஸ் வளைவில் திரும்புகிறது என்றால் அதற்குச் சாலை முழுவதும் தேவை. வளைவுக்கு முன்பே இடது ஓரத்தில் நின்று வழி கொடுங்கள்.

கடைசியாக, அனுமதி. மாஞ்சோலைக்குப் போக ஆசைப்படாதவர் இல்லை. அது 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. இந்தக் கட்டுப்பாடுகளைத் தொல்லை என்று நினைப்பவர்களுக்கு அரிக்கொம்பனை நினைவூட்ட விரும்புகிறேன். 2023 ஏப்ரல் கடைசியில், போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் சாலையை ஒட்டிய சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட யானை அது. பெரியாறு காட்டில் விடப்பட்டு, அங்கிருந்து மேகமலைப் பக்கம் வந்து, மே 27-இல் கம்பம் ஊருக்குள்ளேயே நுழைந்தது. ஜூனில் மறுபடியும் பிடித்து, மேல் கோதையாறுப் பகுதியில் முத்துக்குழிவயலில் விட்டார்கள். நாம் பைக்கில் ரசிக்கப் போகும் போடிமெட்டு, மேகமலை, கோதையாறு மூன்றுமே அந்த ஒரு யானையின் வாழ்க்கையில் வந்த இடங்கள். யானை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல், படம் பிடிக்காமல், தூரத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கூட்டமாகப் போகிறீர்கள் என்றால், குழுவில் மெதுவாக ஓட்டுபவரை முன்னால் விடுங்கள். மாலை 4 மணிக்குள் எல்லோரும் மலையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.