மேட்டூர் நீர்மட்டமும் உன் சித்தப்பாவும்

அன்பு மகளே,

நிலத்தைக் குத்தகைக்கு விடலாம் என்று எல்லோரும் பேசும்போது சித்தப்பா மட்டும் ஏன் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார் என்று கேட்டிருந்தாய். அவர் பிறந்தது 1980-ல். பதிலை அங்கிருந்து தேட வேண்டும்.

வயது ஒன்றாக இருந்தால் மட்டும் ஒரு தலைமுறை ஆகிவிடாது. இளமையில் மனசில் முதலில் பதிவது எதுவோ, பின்னால் வருவதையெல்லாம் மனுஷர்கள் அதை வைத்துத்தான் அளப்பார்கள் என்று கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928-லேயே எழுதினார். நம் காவிரி டெல்டாவில் அந்த அளவுகோல், பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12.

தாத்தா காலத்தில் நாலு நாள் முன்பின் ஆனாலும் மேட்டூர்த் தண்ணீர் வந்துவிடும். 1966-ல் ஆடுதுறையிலிருந்து ஏடிடி 27 நெல் ரகம் வந்தபோது துணிந்து குறுவைச் சாகுபடியில் இறங்கியவர் அவர். சந்தேகப்பட்டே பழக்கமில்லை. நீயோ, 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் அந்தத் தேதியில் திறக்காத அணையைப் பார்த்து வளர்ந்தாய். எதிர்பார்ப்பு இல்லை, ஏமாற்றமும் இல்லை.

சித்தப்பா வெண்ணாற்றுக் கரைக்குப் புதுத்தண்ணீர் பார்க்க ஓடிய பிள்ளை. 1991-ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது. வீட்டுப் பேச்சில் டிஎம்சி என்ற தண்ணீர்க் கணக்கு நுழைந்தபோது அவருக்குப் பதினோரு வயது. 2002-ல் மழை பொய்த்த வருஷம் வேலைக்கென்று சென்னைக்கு ரயில் ஏறினார். தண்ணீர் வரும் என்று நம்பவும் பழகியவர், வராது என்று மனசைத் தேற்றவும் பழகியவர்.

இன்றும் காலைக் காபிக்கு முன்னால் போனில் மேட்டூர் நிலவரம்தான் பார்க்கிறார்: எத்தனை அடி, வரத்து எத்தனை கனஅடி, திறப்பு எத்தனை. தொண்ணூறு அடியைத் தாண்டினால் குரலே மாறிவிடும். உடனே தாத்தாவைக் கூப்பிட்டு நாற்றங்காலை விசாரிப்பார். "ஊரைவிட்டுப் போனவனுக்கு என்ன?" என்பார் தாத்தா. நீங்களோ, பழசையே பிடித்துத் தொங்குகிறார் என்கிறீர்கள். இரண்டு பக்கமும் காதுகொடுக்காவிட்டால் யாராக இருந்தாலும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அதை முடிவெடுக்கத் தெரியாத குணம் என்று நீ நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2020-ல் மறுபடி ஜூன் 12-ல் அணை திறந்ததைப் பார்த்தவர், 2023-ல் அதே நாளில் திறந்தும் தண்ணீர் எட்டாமல் குறுவை கருகியதையும் பார்த்தவர், சட்டென்று எப்படிச் சொல்வார்?

பொங்கலுக்கு வரும்போது குத்தகைப் பேச்சை எடுக்காதே. எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்கு முதலில் பாயும் என்று கேள். வரப்பில் கூட்டிப்போய்க் காட்டுவார். மற்றதைத் தாத்தாவையும் உட்காரவைத்துக்கொண்டு அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உன் பெரியம்மா