ரவையில் புழு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பிரிக்காமல் வைத்திருக்கும் ரவைப் பாக்கெட்டில்கூட ஒன்றிரண்டு மாதத்தில் புழுவும் நூலும் சேர்ந்துவிடுகின்றன. வறுத்து மூடி வைத்தால் வருவதில்லை. அப்படியானால் பச்சை ரவையிலிருந்தே புழு உண்டாகிறது என்றுதானே பொருள்?

பதில்: பொருள் அதுவல்ல. ரவையைக் கட்டிகட்டியாக நூலால் பிணைத்து அதற்குள் நெளியும் அந்த வெளிறிய புழு, அரிசி அந்துப்பூச்சியின் குஞ்சு. இறக்கைகளை உடம்போடு ஒட்டி மடித்துக்கொண்டு சமையலறைச் சுவரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சாம்பல் பழுப்பு நிறப் பூச்சிதான் அதன் தாய். அறிவியல் பெயர் கோர்சைரா செஃபலோனிகா. அதன் முட்டை வெளிர் நிறம், அளவு சுமார் அரை மில்லிமீட்டர். ரவைக் குருணையோடு கலந்துவிட்டால் எந்தக் கூர்மையான கண்ணுக்கும் தப்பிவிடும். முட்டை பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் பொரிகிறது. புழு ஏறத்தாழ ஒரு மாதம் தின்று வளர்ந்து, தான் பின்னிய கட்டிக்குள்ளேயே கூடு கட்டி, சுமார் 10 நாள் கழித்துப் பூச்சியாக வெளிவருகிறது. பூச்சியாகிவிட்டபின் அது எதையும் தின்பதில்லை. மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் இணைசேர்ந்து, நூறுக்கு மேல் முட்டையிட்டுவிட்டு மடிகிறது. டப்பாவருகே அது வட்டமிடுவது முட்டையிட இடம் தேடித்தான்.

பிரிக்காத பாக்கெட்டுக்குள் பூச்சி எப்படிப் போகும் என்று கேட்கலாம். பூச்சி போகவேண்டிய அவசியமே இல்லை. கோதுமை ரவையாகி நம் கைக்கு வருமுன் ஆலை, கிடங்கு, மொத்த வியாபாரி, மளிகைக்கடை என்று பல இடங்களில் தங்குகிறது. முட்டை பாக்கெட்டுக்குள் அடைபடும் முன்பே விழுந்திருக்கலாம். அப்படி இல்லாவிட்டாலும், அப்போதுதான் பொரிந்த புழு சரியாக ஒட்டாத ஓரத்தின் வழியே நுழைந்துவிடும். வளர்ந்த புழு மெல்லிய பிளாஸ்டிக்கைக் கடித்தே துளைக்கும். மூடியிருந்தது என்பதை வைத்து முட்டை வரவில்லை என்று முடிவுகட்ட முடியாது. இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ ரெடி 1668-இல் இதே பிரச்சினையை இறைச்சியை வைத்து ஆராய்ந்தார். திறந்த பாத்திரத்தில் புழு வந்தது. மெல்லிய துணி கட்டிய பாத்திரத்து இறைச்சியில் வரவில்லை. வாடைக்கு வந்த ஈக்கள் துணியின்மேலேயே முட்டையிட்டன.

கேள்வியில் உண்மையாகவே கனமான பகுதி வறுப்பதைப் பற்றியது. வறுக்கும் சூட்டில் முட்டை செத்துவிடுகிறது என்பது என் பதில். "முட்டை செத்ததா, அல்லது புழுவை உண்டாக்கும் சத்து ரவையிலிருந்து போய்விட்டதா?" என்று திருப்பிக் கேட்டால் அது நியாயமான கேள்வியே. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பல்லான்சானி என்ற ஆய்வாளர், கொதிக்கவைத்து அடைத்த சாற்றில் நுண்ணுயிர் தோன்றவில்லை என்று காட்டியபோது, நீடாம் என்ற இன்னொரு ஆய்வாளர் எழுப்பிய மறுப்பும் இதுதான்: கொதிப்பு உயிராற்றலையே அழித்துவிட்டது என்றார் அவர்.

இதற்கான விடை நம் ஊரிலேயே இருக்கிறது. கரும்பின் இடைக்கணுப் புழுவைக் கட்டுப்படுத்த ட்ரைக்கோகிரம்மா என்ற மிகச் சிறிய குளவியை இங்கே கூடங்களில் வளர்க்கிறார்கள். அந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துப் பெருகக்கூடியது. அதனால் அந்துப்பூச்சியையும் வேண்டுமென்றே வளர்க்க வேண்டியிருக்கிறது. தீனி, உடைத்த கம்பு. அதை முதலில் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து, ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பூச்சி, முட்டை எல்லாவற்றையும் ஒழிக்கிறார்கள். ஆறியபின் நிலக்கடலைத் தூளும் இன்னும் சில சத்துகளும் சேர்த்து, அந்துப்பூச்சி முட்டையைத் தூவி, தொட்டிகளைத் துணியால் மூடுகிறார்கள். சுமார் 40 நாளில் பூச்சிகள் வெளிவரத் தொடங்குகின்றன. சூடு தானியத்தின் சத்தை அழித்திருந்தால் இந்தக் கம்பில் ஒரு புழுவும் வளர்ந்திருக்காது. தூவிய முட்டையே இங்கே பூச்சியாகிறது.

ஆகவே வறுத்த ரவைக்கும் தனிப் பாதுகாப்பு இல்லை. ஆறட்டும் என்று திறந்து வைத்த தட்டில் இரவில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தால் போதும், பழைய கதைதான். புழு கண்ட ரவையைச் சலித்து வைத்துக்கொள்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கட்டியும் பெரிய புழுவும் சல்லடையில் நின்றுவிடும், முட்டையும் பொரிந்த குஞ்சும் ரவையோடு கீழே இறங்கிவிடும்.