கடல் கடக்கும் கார்கள்

விலையுயர்ந்த காரைச் செய்து முடித்த அளவில் தொழிற்சாலையாரின் கவலை தீர்வதில்லை. கடல் கடந்து அதனை வாங்கியோரிடம் சேர்ப்பது பிறிதொரு பெருமுயற்சியாகும்.

கார் ஏற்றும் கப்பல் பல அடுக்குகளை உடையது. ஒவ்வொரு காரையும் சாய்தளத்தின் வழியே உள்ளே ஓட்டிச் சென்று நிறுத்துவர். அலையில் அசையாவண்ணம் பட்டைகளால் தளத்தோடு பிணிப்பர். இடம் வீணாகாதிருக்க, நெருக்கமாகவே நிறுத்துவர். அந்நெருக்கமே சில வேளைகளில் பகையாகின்றது. ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவுதல் எளிது; இடையே புகுந்து அணைத்தலோ மிக அரிது.

2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், 'பெலிசிட்டி ஏஸ்' என்னும் கப்பல் ஏறத்தாழ 4,000 கார்களுடன் ஜெர்மனியின் எம்டன் துறைமுகத்தினின்று அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டது. போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி ஆகிய உயர்வகைக் கார்களும் அவற்றுள் இருந்தன. அட்லாண்டிக் கடலில், அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே, கப்பலில் தீ மூண்டது. மாலுமிகள் 22 பேரும் உயிர் தப்பினர் என்பதே ஆறுதல். பல நாள் எரிந்த அக்கப்பல், இழுத்துச் செல்லப்படும்பொழுதே, மார்ச்சு முதல் நாள் சரிந்து மூழ்கியது.

லம்போர்கினியாரின் 'அவென்டடோர்' வகைக் கார்கள் சிலவும் அதனோடு ஆழ்ந்தன. அவ்வகை அந்நிறுவனத்தார் இனிச் செய்வதில்லை என முடிவு செய்திருந்தது. காப்பீடு பணத்தைத் தருமேயன்றி வண்டியைத் தருமோ? காத்திருந்தோர் பொருட்டு, இத்தாலியிலுள்ள தொழிற்சாலையில் அவ்வகைக் கார்களை மீண்டும் செய்யலாயினர்.