கோடைக்கு ஏற்ற கடற்பயண நூல்கள்

விடுமுறைப் பகற்பொழுதுக்குக் கடற்பயண நூல் தேடும் அன்பர்கள், 1895 முதல் 1898 வரை 'ஸ்பிரே' என்னும் சிறு பாய்மரக் கப்பலில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகம் எழுதிய பிரயாண சரித்திரத்தை முதலில் கையில் எடுப்பது உத்தமம். நீந்தவும் அறியாத அம்மனிதர், தென் அமெரிக்காவின் தென்கோடியில், இரவில் கொள்ளையிட வருவோரைத் தடுக்கும் பொருட்டுக் கப்பலின் மேல்தளமெங்கும் கூரிய ஆணிகளைப் பரப்பிவிட்டு உறங்கச் சென்ற பகுதியை வீட்டுச் சிறுவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். மேற்கொண்டு கேட்காமல் அவர்கள் விடமாட்டார்கள். அடுத்தது, 1947-ல் ஆறு பேர் பால்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்த தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாட்கள் பசிபிக் சமுத்திரத்தில் சென்ற வரலாற்றைக் கூறும் தோர் ஹெயர்டாலின் 'கோன்-டிக்கி'. படிக்கும்போது பக்கத்தில் உலகப்படம் ஒன்று அவசியம் இருக்கட்டும்; கடந்த தூரத்தை அன்றன்று பென்சிலால் குறித்துவரும் பொறுப்பைச் சிறுவர்களிடமே ஒப்படையுங்கள்.