பழைய அலமாரிக்குப் புதுச் சாயம் அடிக்கும் முன்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடைகள் களைகட்டிவிடும். வீடுகளிலோ வேறொரு வேலை தொடங்கும். ஒட்டடை அடிப்போம், வேண்டாததைக் கழிப்போம், அலமாரிக்கும் நாற்காலிக்கும் சாமி மேடைக்கும் சாயம் அடிப்போம். செலவு குறைவு, பிள்ளைகளும் உதவிக்கு வருவார்கள். புதுச் சாயத்தின் வாடைக்குத்தான் எல்லாரும் அஞ்சுகிறார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, பழைய சாயத்தைத் தேய்க்கும்போது கிளம்பும் தூசி.

தாத்தா காலத்தில் தோட்டத்து வீட்டிலோ ரயில்வே குவார்ட்டர்ஸிலோ இருந்து, இன்று அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்த பலகை அலமாரியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பூச்சு. அந்தப் பழைய எண்ணெய்ச் சாயங்களில் நிறத்துக்காகவும் விரைவில் காய்வதற்காகவும் காரீயக் கலவைகள் சேர்க்கப்பட்டன. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றிலும், மஞ்சள் கலந்து செய்த பச்சையிலும் இது அதிகம் இருக்கலாம். நம் சாமி மேடைக்கும் சமையலறை அலமாரிக்கும் பிடித்த நிறங்களே இவைதாம். அமெரிக்கா 1978லேயே வீட்டுச் சாயத்தில் காரீயத்தைத் தடை செய்தது. இங்கு அந்த ஆண்டைக் கணக்கில் கொள்ள முடியாது. மலேசியாவில் விற்கப்படும் எண்ணெய்ச் சாயங்கள் சிலவற்றிலும் காரீயம் இருப்பதைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 2016இல் வெளியிட்ட சோதனை அறிக்கை காட்டியது.

காரீயம் என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே எழுதுகிறோம். வெறுமனே ஈயம் என்றால், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு நினைவுக்கு வரும். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது வேறு உலோகம், மலாயில் தீமா. காரீயத்தை மலாயில் தீமா ஹீத்தாம், அதாவது கறுப்பு ஈயம் என்பார்கள். இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன. சாய டின்னில் நீங்கள் தேட வேண்டிய சொல் பிளம்பும். ‘தன்பா பிளம்பும்’ என்று அச்சிட்டிருந்தால் காரீயம் சேர்க்கவில்லை என்று பொருள். ‘ஆசாஸ் ஆயர்’ என்றால் நீரில் கரையும் சாயம். வீட்டுக்குள் அடிக்க இதுவே ஏற்றது.

காரீயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விழுங்கும் காரீயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. தவழும் குழந்தை தரையில் கை வைக்கும், அந்தக் கையை வாயில் வைக்கும். அவ்வளவே போதும். காய்ச்சலோ வலியோ தெரியாமலேயே மூளை வளர்ச்சியும் கற்கும் திறனும் பாதிக்கப்படலாம். கர்ப்பிணியின் உடலில் சேரும் காரீயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது. ஆகவே தேய்க்கும் வேலை நடக்கும் நாளில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உறவினர் வீட்டில் இருப்பது நல்லது.

பழைய சாயம் உரியாமல் உறுதியாக இருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். சவர்க்கார நீரால் கழுவி, காயவிட்டு, மேலே அடிப்பூச்சு அடித்துவிடலாம். உரிந்திருந்தால், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளை வாங்குங்கள். பரப்பை ஈரமாகவே வைத்துத் தேய்த்து, வரும் குழம்பைப் பழந்துணியால் துடைத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பூச்செடிக்கு ஊற்றாதீர்கள். மின்தேய்ப்பான் வேண்டாம், நெருப்பைக் காட்டிச் சாயத்தை உரிக்கவும் வேண்டாம், காரீயம் ஆவியாகி மூச்சில் ஏறும். கீழே பிளாஸ்டிக் விரித்து, முடிந்ததும் உட்புறமாகச் சுருட்டி எடுங்கள். விளக்குமாறு தூசியை வீடெங்கும் கிளப்பும், சாதாரண வேக்கம் கிளீனரும் நுண்தூசியை வெளியே ஊதும். ஈரத்துணியே மேல். உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். என்95 முகக்கவரி தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. மூன்று மடிப்பு முகக்கவரி இரண்டுக்கும் உதவாது.

குழந்தையின் கட்டில் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பல் முளைக்கும் பிள்ளை கம்பியைக் கடிக்கும். எத்தனை பூச்சு ஏறியது என்று தெரியாத பழைய கட்டிலைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுங்கள்.

எண்ணெய்ச் சாயமும் தின்னரும் புழங்கினால் சாமி விளக்கையும் ஊதுபத்தியையும் முதலில் அணைத்துவிடுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தீயைத் தொடும். அந்நாள்களில் பிற்பகல் மழை அடிக்கடி பெய்து சன்னலைச் சாத்த வைக்கும் என்பதால் காலையில் வேலையைத் தொடங்குங்கள். கையில் ஒட்டவில்லை என்றால் சாயம் முழுதும் இறுகிவிட்டது என்று பொருளல்ல, அதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். கையில் பட்ட சாயத்தைச் சமையல் எண்ணெயால் துடைத்துச் சவர்க்காரம் போடுங்கள். தின்னரால் கழுவ வேண்டாம்.

மிச்சத் தின்னரை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இது மிக ஆபத்தானது, தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். அதன் சொந்த டின்னிலேயே மூடி, உயரத்தில் பூட்டி வையுங்கள். காலி டின்களை ஐந்தடியிலோ பால்கனியிலோ அடுக்காதீர்கள். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு ஏழு முதல் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். அதன் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

யாராவது தின்னரைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ உடனே 999. மற்றபடி, பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது அந்த டின்னையும் கொண்டு போங்கள். குழந்தை பழைய சாயத் தூசியில் புழங்கியிருந்தால், நோய்க்குறி இல்லை என்று காத்திருக்காமல் சுகாதார மருந்தகத்தில் அதைச் சொல்லி, இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.