சிவில் எடுக்கலாமா, எடுத்தால் எந்த வழி?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் சேந்தமங்கலத்தில் ஜெராக்ஸ் கடைகளில்தான் கூட்டம். சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளிடம் என்ன எடுக்கப் போகிறாய் என்று கேட்டால், பெரும்பாலும் கம்ப்யூட்டர் என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தானாம். சிவில் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு அதைத் தேர்ந்தெடுத்தது மாமாவோ சித்தப்பாவோதான். “சிவில் படிச்சா ஏ.இ. ஆயிரலாம்ல?” அரசு உதவிப் பொறியாளர் வேலையைக் குறிவைக்கும் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். கட்-ஆஃப் இடம்கொடுத்தால் கிண்டி, கோவை ஜி.சி.டி., 1966 முதல் நடக்கும் சேலம் அரசு பொறியியல் கல்லூரி. இதற்கு யாருடைய ஆலோசனையும் வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கொல்லிமலைப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர் கையெழுத்தில் வரவேண்டியது, கவுன்சலிங் நேரத்தில் ஓடினால் கிடைக்காது. பத்தாவது முடிந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள்.

பாலிடெக்னிக்கை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. நான் அந்த வழியில் வந்தவன், அதனால் என் பேச்சில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். பத்தாவதுக்குப் பின் மூன்று வருட டிப்ளமா. பிளஸ் டூ முடித்திருந்தால் நேராக இரண்டாம் ஆண்டு. பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், அல்லது வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். பெயர் தெரியாத கல்லூரியில் கடன் வாங்கி நான்கு வருடம் உட்கார்வதைவிட, பத்தொன்பது வயதில் சைட்டில் ஆட்டோ லெவல் என்ற சர்வே கருவியைப் பிடிக்கிற பையன் முன்னால் நிற்கிறான் என்பது என் கட்சி.

இனி அந்த ஏ.இ. கதை. டிகிரி முடித்துவிட்டு, எந்த வேலைக்கும் போகாமல், டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வுக்கு மட்டும் படிப்பது. இந்த வட்டாரத்தில் இதைப்போல் மிகையாக மதிக்கப்படும் வழி வேறில்லை. பொதுப்பணி, நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி என்று பதவிகள் நல்லவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பு எந்த வருடம் வரும், எத்தனை இடம் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. பாடத்தாளுக்கு 300 மதிப்பெண். இன்னொரு தாளில் தமிழ்த் தகுதிக்கு 150, பொது அறிவுக்கு 150. தமிழில் 60 எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்துவிட்டுத் தமிழைக் கைகழுவிய பிள்ளைகள் இதிலேயே விழுகிறார்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி, சலுகை என்று நாம் நினைக்கும் ஒன்று. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. வரம்பு இருந்தால் ஒருநாள் ‘போதும்’ என்று எழுந்து வந்துவிடுவார்கள். இல்லாததால் அடுத்த அறிவிப்பு, அதற்கடுத்த அறிவிப்பு என்று கோச்சிங் சென்டர் பெஞ்சிலேயே முப்பதைத் தாண்டுகிறார்கள். அப்புறம் தனியார் கம்பெனிக்குப் போனால் புதிதாக வந்தவனுக்குக் கொடுக்கும் சம்பளம்தான். கூடப் படித்தவன் அதற்குள் இரண்டு பாலம் கட்டி முடித்திருப்பான். வீட்டில் அப்போதும் ‘ஏ.இ.க்குப் படிக்கிறான்’ என்று சொல்லிப் பெண் தேடுவார்கள்!

தேர்வே எழுதாதே என்று சொல்லவில்லை. வேலையில் இருந்துகொண்டு எழுது. மண் இயக்கவியல், ஹைட்ராலிக்ஸ், ஆர்.சி.சி. டிசைன் எல்லாம் கேட் தேர்விலும் வரும், ரயில்வே, எஸ்.எஸ்.சி. நடத்தும் ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) தேர்வுகளிலும் வரும். ஒரே படிப்பு நாலு கதவைத் தட்டும். சைட்டில் எம்-புக் (அளவுப் புத்தகம்) எழுதியவனுக்கு எஸ்டிமேட் கேள்விகளை மனப்பாடம் செய்யவும் வேண்டியதில்லை.

மற்ற வழிகள்? கணக்கில் பிடிப்பு இருந்தால் ஸ்ட்ரக்சுரல் டிசைன், ஆனால் அதற்கு எம்.இ. இல்லாமல் சரிவராது. அளவெடுத்து பில் போடும் குவான்டிட்டி சர்வேயிங்குக்கு வளைகுடாவிலும் மதிப்பு உண்டு. ஊரிலேயே ஆபீஸ் போட நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். பிளான் பாஸ் பண்ணித் தருவதை மட்டும் நம்பி போர்டு மாட்டாதீர்கள். கோழிப் பண்ணைக் கொட்டகை, தீவன ஆலை, மலைப்பாதைத் தடுப்புச் சுவர் என்று நாமக்கல் மாவட்டத்தில் கட்டத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

பிள்ளைக்கு சிவில் ஒத்துவருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காரவள்ளியிலிருந்து கொல்லிமலை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு. எல்லோரும் தலைசுற்றலைப் பற்றிப் பேசும்போது, வளைவில் மட்டும் ரோடு ஏன் அகலமாகிறது, கல்சுவரில் ஏன் வரிசையாக ஓட்டை விட்டிருக்கிறார்கள் என்று கேட்கிற பிள்ளையா? அது சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைநீர் வடிவதற்கு. அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரையே தள்ளிவிடும். இந்த மாதிரிக் கேள்வி வருகிற பிள்ளையை கம்ப்யூட்டர் பக்கம் தள்ளாதீர்கள். கேள்வி வராத பிள்ளையை மாமா சொன்னார் என்று சிவிலுக்கும் இழுக்காதீர்கள்.

பொறுமையும் வேண்டும். முதல் இரண்டு வருடச் சம்பளத்தைப் பார்த்து ஐ.டி.க்குப் போன நண்பன் சிரிப்பான். வெயில், தூசி, கொத்தனாரிடம் பேச்சு, சென்ட்ரிங் ஆளிடம் சண்டை எல்லாம் இருக்கும். கான்கிரீட்டே எதிர்பார்த்த பலத்துக்கு 28 நாள் கேட்கிறது, ஆளுக்கு ஐந்து வருடமாவது கொடுக்க வேண்டாமா?

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் ஏ.சி. ஹாலையும் பிளேஸ்மென்ட் போஸ்டரையும் தாண்டி உள்ளே போங்கள். கான்கிரீட் லேபில் க்யூப் அச்சுகளைத் தொட்டுப் பாருங்கள். துருவேறி அடுக்கியிருக்கிறதா, அண்மையில் எண்ணெய் தடவியதா? மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனைப் பிடித்து, சர்வே கேம்புக்கு எந்த ஊருக்குப் போனீர்கள், டோட்டல் ஸ்டேஷன் கருவியை உன் கையில் கொடுத்தார்களா என்று கேளுங்கள். பஸ் வசதியைப் பற்றி அப்புறம் விசாரிக்கலாம்.