பூனைக்கண் நெபியூலாவின் உண்மை நிறம்

சிவந்த ரோஜாவைப் போன்ற வான்படமொன்று எமது கைத்தொலைபேசிகளில் அடிக்கடி வலம்வருகிறது. கூடவே ஸூரத்துர் ரஹ்மானின் 37ஆவது வசனமும் எழுதப்பட்டிருக்கும். அப்படம் போலியானதல்ல. ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி 1994 செப்டெம்பரில் எடுத்த பூனைக்கண் நெபியூலாவின் படமே அது. ஆனால் அந்த ரோஜா நிறம் எப்படி வந்தது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

இந்த நெபியூலா ஏறத்தாழ 3000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. முதிர்ந்த விண்மீனொன்று வெளியே தள்ளிய வாயுதான் அது. நடுவிலுள்ள விண்மீனின் புறஊதாக் கதிர்கள் அவ்வாயுவுக்குச் சக்தியை வழங்க, ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய அலைநீளங்களில் ஒளிர்கிறது. உயர்தர இரசாயனவியலில் நாம் படிக்கும் காலல் நிறமாலை இதுவே. 1864இல் வில்லியம் ஹகின்ஸ் இந்நெபியூலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது பிரகாசமான பச்சைக் கோட்டைக் கண்டார். இரு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனே அதற்குக் காரணம் என்பதை 1927இல் ஐரா போவன் விளக்கினார். ஆகவே தொலைகாட்டியூடாகக் கண்ணால் பார்ப்பவருக்கு இது நீலப்பச்சையாகவே தோன்றும்.

அப்படியாயின் ரோஜா நிறம் எங்கிருந்து வந்தது? ஹபிளின் கமரா ஒவ்வொரு வடிகட்டியினூடாகவும் கறுப்பு வெள்ளைப் படத்தையே எடுக்கிறது. இங்கே ஐதரசனின் 656, நைதரசன் அயனின் 658, ஒட்சிசன் அணுவின் 630 நனோமீற்றர் ஒளிகளில் மூன்று படங்கள் எடுக்கப்பட்டன. மூன்றுமே உண்மையில் சிவப்பு ஒளிகள். அப்படியே சேர்த்தால் எந்த வாயு எங்கே இருக்கிறது என்று தெரியாது. எனவே ஐதரசனுக்குச் சிவப்பும் நைதரசனுக்குப் பச்சையும் ஒட்சிசனுக்கு நீலமும் கொடுத்து ஒன்றுசேர்த்தார்கள். தேசப்படத்தில் மலைக்குக் கபில நிறம் தீட்டுவதைப் போன்றது இது. அதைப் பார்த்து மலையே கபில நிறம் என்று நாம் சொல்வதில்லை.

அவ்வசனம் பேசுவது வானம் பிளக்கும் மறுமை நாளைப் பற்றி. விஞ்ஞானிகள் தெரிவுசெய்த நிறத்தை அதற்குச் சான்றாக அனுப்பினால், நாளை ஒருவர் படத்தின் விளக்கத்தை வாசித்துவிட்டுக் கேட்கும்போது தலைகுனிவது நாமே, வசனமல்ல. கிடைத்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத் கற்பிக்கிறது. வான்படங்களுக்கும் அது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். அடுத்த முறை நெபியூலாப் படமொன்று வந்தால், எந்த ஒளிக்கு எந்த நிறம் கொடுக்கப்பட்டது என்பதைத் தேடி வாசித்த பின்னர் மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.